தண்ணீரை வாங்காதீர்கள், குளிர்காலத்துக்கு வாடகைக்கு எடுங்கள்: பொங்கோலா–உம்சிம்குலு நீர்ப்பிடிப்பு மேலாண்மை முகமைக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சிக்குழுவினருக்கு,

வணக்கம்.

மே பிறந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவின் க்வாசுலு–நட்டால் மாகாணத்து வடகடற்கரைப் பகுதியான நம் வடகரையில் மழை ஓய்ந்துவிடும். செப்டம்பர் கடைசிவரை உம்வோட்டி ஆறு ஊற்று நீரை நம்பித்தான் ஓடுகிறது. கிரேட்டவுன் மலைப்பக்கத்து மரத்தோட்டங்கள் தலையூற்றிலேயே ஒரு பங்கைக் குடித்துவிடுகின்றன. இடையில் பாசன மோட்டார்கள். கீழே க்வாடுகுசா நகரமும் ஆலைகளும். எல்லாரும் எடுத்தது போக மிஞ்சுவதுதான் பிளைத்டேல் அருகே கடலைச் சேரும் கழிமுகத்துக்கு. கால்வாய்ப் பாசனத்தில் கடைமடைக்காரர் படும் பாட்டைத்தான் இங்கு கழிமுகம் படுகிறது. ஆனால் அது அலுவலகப் படியேறி முறையிடாது. ஆற்றின் முதன்மைப் போக்கில் பெரிய அணை இல்லாததால், ஜூலையில் மதகைத் திறந்துவிட்டு நிலைமையைச் சமாளிக்கவும் உங்களால் முடியாது. எடுப்பதைக் குறைத்தால்தான் உண்டு.

எங்கள் வேண்டுகோள் இதுதான்: உம்வோட்டிப் படுகையில், அதாவது உங்கள் வரைபடத்தில் யு40 என்று குறித்திருக்கும் பகுதியில், இரண்டு குளிர்காலங்களுக்கு ஒரு சோதனைத் திட்டம் நடத்துங்கள். விருப்பமுள்ள பாசனக்காரர்கள் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஆற்றிலிருந்து எடுக்காமல் இருப்பதற்குப் பணம் கொடுங்கள். உரிமை அவர்களிடமே இருக்கட்டும். அந்த 92 நாள் தண்ணீர் மட்டும் ஆற்றில் இருக்கட்டும்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஸ்டாங்கர் (க்வாடுகுசா), டார்னால், தோங்காட் பக்கத்தில் கரும்பும் காய்கறியும் போடும் நம் குடும்பங்களும் இந்த ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் உட்காரப் போகிறவர்கள். தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னால் நல்லது.

முதலில் சட்டம். 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம் 25-ஆம் பிரிவில் இரண்டு வழிகளைத் தருகிறது. முதல் உட்பிரிவின்படி, பாசன உரிமை உள்ளவர் கேட்டுக்கொண்டால், அந்தத் தண்ணீரைத் தற்காலிகமாக வேறு பயனுக்கோ அருகிலுள்ள வேறு நிலத்துக்கோ விட நீர் மேலாண்மை நிறுவனம் அனுமதிக்கலாம். இரண்டாம் உட்பிரிவின்படி, ஒருவர் தம் உரிமையை விட்டுக்கொடுத்து, அதே நீர்நிலையில் வேறு நிலத்துக்கான ஒரு குறிப்பிட்ட உரிம விண்ணப்பத்துக்கு வழிவிடலாம். அந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டால்தான் விட்டுக்கொடுத்தது செல்லும். 2013-இன் தேசிய நீர்க் கொள்கை மறுஆய்வு இத்தகைய கைமாற்றமே கூடாது என்றது; தேசிய நீர்த்துறை 2018-இல் சுற்றறிக்கை விட்டு நிறுத்தியது. 2021-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2023-இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் துறையின் அந்த நிலைப்பாட்டை ஏற்கவில்லை. விட்டுக்கொடுப்பதற்குப் பணம் பெறுவதைச் சட்டம் தடுக்கவில்லை என்ற நிலையில்தான் இன்று நிற்கிறோம்.

இதைக் கேட்டதும் ‘அப்படியானால் ஆற்றுக்காக உரிமையை வாங்கிவிடலாமே’ என்று தோன்றும். முடியாது. 21-ஆம் பிரிவு 11 வகை நீர்ப் பயன்களைச் சொல்கிறது: எடுத்தல், தேக்கல், மறித்தல், கழிவுநீர் விடுதல் என்று நீளும் அந்தப் பட்டியலில் ‘ஆற்றிலேயே விடுதல்’ என்று ஒன்று இல்லை. இல்லாத பயனுக்கு உரிமம் கேட்க முடியாது. 25(2) கேட்பது ‘வேறு நிலம்’, ஆறு நிலமல்ல. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 1987-இல் ஆற்றுக்குள் ஓடும் நீரையும் ஓர் உரிமையாகவே ஏற்றுச் சட்டம் செய்தது. அதனால்தான் 1993-இல் தொடங்கிய ஆரிகன் நீர் அறக்கட்டளை, விவசாயிகளிடம் உரிமையைக் குத்தகைக்கும் விலைக்கும் வாங்கி ஆற்றின் பெயரில் எழுத முடிந்தது. நமக்கு அந்தக் கதவு இல்லை. நமக்கு இருப்பது 16-ஆம் பிரிவின் காப்பு நீர்: மனிதரின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் உயிர்ச்சூழலுக்கும் என்று மற்றெல்லாருக்கும் முன்னதாக ஒதுக்கி வைக்க வேண்டியது. காகிதத்தில் இது ஆரிகன் சட்டத்தைவிட வலுவானது. ஜூலை மாத ஆற்றங்கரையில் அந்த வலுவைக் காணவில்லை.

ஆகவே இரண்டு எளிய கருவிகளைப் பயன்படுத்தச் சொல்கிறோம். உரிமம் வைத்திருப்பவர் ஒப்புக்கொண்டால் உரிம நிபந்தனையைத் திருத்த 50-ஆம் பிரிவு இடம் தருகிறது. ‘இன்ன அளவணையில் (ஓட்டத்தை அளக்க ஆற்றின் குறுக்கே கட்டிய தடுப்பில்) ஓட்டம் இத்தனை லிட்டருக்குக் கீழே போனால் மோட்டாரை நிறுத்த வேண்டும்’ என்ற நிபந்தனையை இரண்டு ஆண்டுக் காலவரையறையோடு சேர்க்கலாம். உரிமம் இல்லாமல், 1998-க்கு முந்தைய இரண்டு ஆண்டுப் பயன்பாட்டைக் காட்டி ‘நடைமுறையிலுள்ள சட்டபூர்வப் பயன்’ என்று எடுப்பவரோடு, எடுக்காதிருப்பதற்கான சாதாரண ஒப்பந்தம் போதும். ஆனால் அவர் 35-ஆம் பிரிவின்படி சரிபார்ப்பு முடித்தவராக இருக்க வேண்டும். வார்ம்ஸ் என்ற அரசு நீர்ப்பயன் பதிவேட்டின் சான்றைக் காட்டி ‘இதுதான் என் உரிமை’ என்பார்கள். பதிவு வேறு, உரிமை வேறு. சரிபார்க்காத அளவுக்குப் பணம் கொடுத்தால், இல்லாத தண்ணீருக்கு வாடகை கொடுத்ததாகிவிடும்.

விலைக்கு வாங்குவதை நாங்கள் எதிர்ப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இது உங்களுக்கு எதிராகவே வைக்கப்படும் வாதம் என்பதால் வெளிப்படையாகச் சொல்கிறோம். காப்பு நீர் ஏற்கெனவே ஆற்றுக்குச் சொந்தம். அதைப் பொதுப்பணத்தில் வாங்கினால், வீட்டுக்காரரே தம் வீட்டை விலைக்கு வாங்கிய கதைதான். கரையோர நிலம் வைத்திருந்தவருக்கே தண்ணீர் என்ற 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பெற்ற உரிமைக்கு, நிலமே வைத்திருக்க விடப்படாதவர்களின் வரிப்பணத்தை நிரந்தரமாகக் கொடுப்பது 27-ஆம் பிரிவு சொல்லும் ஈடுசெய் நீதிக்கும் பொருந்தாது. கட்டாய உரிமமளிப்பின்போது (ஒரு பகுதியில் எடுப்பவர் எல்லாரும் புதிதாக உரிமம் கேட்க வேண்டிய நடைமுறை) காப்பு நீருக்காகவோ மிகை ஒதுக்கீட்டைச் சரிசெய்யவோ வெட்டப்படும் அளவுக்கு இழப்பீடு கணக்கிடக் கூடாது என்று 22-ஆம் பிரிவின் 7-ஆம் உட்பிரிவு சொல்கிறது. அப்படியிருக்க நிரந்தர விலை எதற்கு? கட்டாய உரிமமளிப்பு வந்து சேர ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை ஆறு காத்திருக்க முடியாது. அந்த இடைக்காலத்துக்குத்தான் வாடகை.

இனி அளவு. ஒரு நொடிக்கு 1 லிட்டர் என்ற ஓட்டம் ஒரு நாளில் 86.4 கன மீட்டர். 92 நாளில் சுமார் 7,950 கன மீட்டர். எடுத்துக்காட்டாக 20 ஹெக்டர் பாசனக் கரும்பு, உரிமம் ஆண்டுக்கு 1,20,000 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டு மீட்டர் கணக்கைப் பார்த்தால் உண்மையில் எடுத்தது சராசரி 96,000. அதில் ஜூலை–செப்டம்பர் பங்கு 40,000. நீங்கள் வாடகைக்கு எடுக்கக் கூடியது இந்த 40,000 மட்டுமே. உரிமத்தில் எழுதி, எடுக்காமலே விட்ட 24,000 வெறும் தாள் தண்ணீர். அது ஏற்கெனவே ஆற்றில் ஓடிக்கொண்டிருப்பது. 40,000-ஐ 7,950-ஆல் வகுத்தால் நொடிக்கு 5 லிட்டர். அதிலும் தெளிப்பான் பாசனத்தில் நான்கில் ஒரு பங்கு பயிருக்குப் போய்ச் சேராது. காற்றில் போனது போக மீதி மண்ணில் கசிந்து திரும்ப ஆற்றுக்கே வரும். திரும்பி வருவது 4,000 என்றால், வாடகையால் ஆற்றுக்கு உண்மையில் கூடுவது 36,000, அதாவது 4.5 லிட்டர். மோட்டாருக்கும் கசிவு திரும்பும் இடத்துக்கும் இடைப்பட்ட நீளத்தில் மட்டும் 5 லிட்டரும் கிடைக்கும். திரும்பி வருவதைக் கழிக்காமல் கணக்கு எழுதினால் ஆண்டறிக்கையில் மட்டுமே ஓடும் ஆறு ஒன்று உருவாகும்.

கரும்பு தெரிந்தவர் ஒருவரைக் குழுவில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஏமாறுவீர்கள். வெட்டுக்கு முன் சர்க்கரை ஏறுவதற்காகச் சில வாரம் தண்ணீரை நிறுத்தி வயலைக் காயவிடுவது எல்லாரும் செய்வது. ஆகஸ்ட், செப்டம்பரில் வெட்டப்போகும் வயலுக்கு ஜூலையிலேயே தண்ணீர் குறைந்துவிடும். மீட்டர் பதிவு இல்லாத பண்ணையில் ‘ஹெக்டருக்கு இத்தனை’ என்று கணக்குப் போட்டால், எப்படியும் காயவிடப் போகிற வயலுக்குப் பணம் போகும். மீட்டர் உள்ள இடத்திலும், பணம் வரும் ஆண்டில் மட்டும் வெட்டு வரிசையை மாற்றி, வழக்கத்தைவிட அதிக வயலைக் குளிர்காலத்தில் வெட்டிவிட்டு ‘நிறுத்திவிட்டேன்’ என்று சொல்ல முடியும். ஆகவே ஒப்பந்தத்தோடு வயல்வாரியான வெட்டு அட்டவணை ஒன்று, முந்தைய ஆண்டுகளின் அட்டவணையோடு சேர்த்து, இணைக்கப்பட வேண்டும். இளம் மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்த்த கரும்பு) நிற்கும் வயலுக்கு நிறுத்தினால்தான் அது உண்மையான விட்டுக்கொடுப்பு. அதற்குத்தான் கூடுதல் விலை நியாயம்.

அடுத்தது பண்ணைக் குளம். ஜூலையில் ஆற்று மோட்டாரை நிறுத்துவார், ஆனால் மே, ஜூனில் இரவு பகலாக ஓட்டிக் குளத்தை நிரப்பி வைத்திருப்பார். ஆற்றின் வறட்சி இரண்டு மாதம் முன்னால் நகரும், அவ்வளவுதான். ஆழ்துளைக் கிணறும் அப்படித்தான்: ஆற்று மணலை ஒட்டிப் போட்ட கிணறு ஆற்றையே சுற்றுவழியில் உறிஞ்சும். ஆகவே ஒப்பந்தம் மோட்டாரின் பெயரில் இருக்கக் கூடாது. பண்ணையின் பெயரில் இருக்க வேண்டும். ஆற்று மோட்டார், குளத்தின் நுழைவாய், ஆற்றுப் படுகையோரக் கிணறு மூன்றும் ஒரே கணக்கில் வர வேண்டும். குளத்தின் நீர்மட்டம் மே 1 அன்றும் ஜூலை 1 அன்றும் அளவுகோலோடு படமெடுத்து வைக்கப்பட வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை கீழே இருக்கிறது. மேலே ஒருவர் விட்ட தண்ணீரை அடுத்த வளைவில் இன்னொருவர் தம் உரிமத்துக்குள்ளேயே, சட்டப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியா இதைப் பெரும் பணம் கொடுத்துக் கற்றது. 2007-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தில் சுற்றுச்சூழல் நீருக்கென்றே ஒரு காப்பாளர் பதவியை உண்டாக்கி உரிமைகளை வாங்கினார்கள். ஆனால் பார்வன்–டார்லிங் ஆற்றில் அந்தத் தண்ணீர் கடந்து போகையில் கீழேயுள்ளவர் உறிஞ்சுவதைத் தடுக்கும் விதிகள் பல ஆண்டு கழித்துத்தான் வந்தன. வாங்கியது ஓரிடம், பாதுகாத்தது வேறு காலம். எனவே முதல் குளிர்காலத்தில் கீழிருந்து தொடங்குங்கள்: கழிமுகத்துக்கு மேலே கடைசியாக உள்ள மோட்டார்கள் முதலில். பயன் பெறும் ஆற்றின் நீளம் குறைவுதான், ஆனால் கீழே பறிக்க ஆளில்லை. இரண்டாம் குளிர்காலத்தில் மேலே ஏறுங்கள். இதற்கிடையில் அந்தப் பகுதியில் புதிதாகக் கொடுக்கும் ஒவ்வோர் உரிமத்திலும், வாடகை நீரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையை நம் தேசிய நீர்ச் சட்டத்தின் 29-ஆம் பிரிவின் கீழ் சேருங்கள். பற்றாக்குறைக் காலத்தில் எடுப்பதைக் கட்டுப்படுத்த மூன்றாம் அட்டவணை தரும் அதிகாரம் உங்களுக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தால், அதை ஜூன் மாதமே அறிவித்துவிடுங்கள். ஆகஸ்டில் அறிவித்தால் ஊர் முழுக்கச் சண்டைதான்.

அளவெடுப்பில் ஒரு கசப்பான உண்மை. ஒரு பண்ணையின் 5 லிட்டர் பெரிய ஆற்றின் அளவணையில் தெரியவே தெரியாது. நொடிக்கு 500 லிட்டர் ஓடும் இடத்தில் அது நூற்றில் ஒரு பங்கு. அளவணையின் பிழையே அதைவிடப் பெரிது. பத்துப் பண்ணைகளாவது சேர்ந்து 50 லிட்டர் வந்தால்தான் அளவுத் தாளில் ஏதோ நடந்திருப்பது தெரியும். பத்துப் பேர் சேராவிட்டால் முதன்மை ஆற்றை விட்டுவிட்டு ஒரு கிளை ஓடையில் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். ஓடைக்குக் குறுக்கே நட்டு, வெட்டின் வழியே விழும் நீரை அளக்கும் 90 பாகை ‘வி’ வெட்டுப் பலகை போதும்: வெட்டின் அடிமுனையிலிருந்து நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் என்றால் நொடிக்கு சுமார் 4.4 லிட்டர், 15 என்றால் 12 லிட்டர். 10 இருக்கும் இடத்தில் 9 என்று படித்துவிட்டால் 3.3 லிட்டர்தான் என்று கணக்கு வரும். ஒரு சென்டிமீட்டர் கைப்பிசகில் கால்வாசித் தண்ணீர் காணாமல் போகிறது! ஆகவே அளவுகோலைப் பலகையிலேயே அடிக்காதீர்கள். அங்கே நீர் சரிந்து இறங்கும், மட்டம் குறைவாகக் காட்டும். நீரின் உயரத்தைப்போல் நான்கு மடங்கு தூரமாவது பின்னால் தள்ளி நட வேண்டும். பலகைக்கு முன்னால் சேரும் மணலை வாரம் ஒரு முறை வார வேண்டும். பலகைக்குக் கீழே நீர் காற்றிடைவெளியோடு விழ வேண்டும். கீழ்நீர் ஏறி முட்டினால் கணக்கு பொய்.

பண்ணை மீட்டர் மட்டும் பேசினால் நம்பாதீர்கள். மின்கட்டண ரசீதையும் பேசவிடுங்கள். 40 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் பம்பு, 65 விழுக்காடு செயல்திறன் என்றால், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 0.17 யூனிட் மின்சாரம். 40,000 கன மீட்டர் எடுக்காதவருடைய ரசீதில் 6,700 யூனிட் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால், மீட்டர் நின்றிருக்கிறது, மோட்டார் நிற்கவில்லை என்று பொருள். செயற்கைக்கோள் படமும் உண்டு: சென்டினல்-2 படங்கள் ஐந்து நாளுக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கின்றன, காய்ந்த வயலும் பச்சை வயலும் அதில் ஒளியாது.

விலையை ஏலத்தில் விடலாம் என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். பத்துப் பதினைந்து பேர் மட்டும் விற்கும் இடத்தில், எல்லாரும் ஒரே திருமணத்தில் சாப்பிடுகிறவர்கள் என்ற நிலையில், ஏலம் வேலை செய்யாது. முதல் நாள் மாலையே ஒரு விலை முடிவாகிவிடும். கணக்கிட்ட விலையை நீங்களே அறிவியுங்கள்: நிறுத்தியதால் ஹெக்டருக்கு எத்தனை டன் கரும்பு குறையும், அதன் ஆர்.வி. (கரும்பிலிருந்து மீட்கக்கூடிய சர்க்கரை) மதிப்பு என்ன, அதிலிருந்து மிச்சமான மின்சாரமும் வெட்டுக்கூலியும் ஏற்றுக்கூலியும் கழித்தால் மிஞ்சும் இழப்பு, அதற்கு மேல் சம்மதிக்க வைக்கும் ஒரு சிறு கூட்டுத்தொகை. நீர்வளக் கட்டணம் பதிவு செய்த அளவுக்கு வசூலிக்கப்படுவதால், எடுக்காத தண்ணீருக்கும் ரசீது வரும். அதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் முதல் ரசீது வந்த அன்றே நம்பிக்கை போய்விடும். எங்கள் கருத்தில் அது திட்டத்தின் செலவு. கையெழுத்தின்போது மூன்றில் ஒரு பங்கு, மீதி அக்டோபர் அளவெடுப்புக்குப் பின். குளிர்காலத்தில் குழாய் மாற்றும் வேலையாட்களின் மூன்று மாதக் கூலியும் அந்த இழப்புக் கணக்கில் ஒரு வரியாக வர வேண்டும். நிலக்காரருக்கு ஈடு, குழாய் தூக்குகிறவருக்கு விடுமுறை என்பது அநியாயம்.

சிறு விவசாயிகளைத் தனியே அணுகாதீர்கள். மூன்று ஹெக்டர்காரருக்கு மீட்டர், வழக்கறிஞர், சரிபார்ப்பு என்று செலவு வாடகையைத் தாண்டிவிடும். ஒரே ஓடையில் உள்ளவர்களை ஒரே ஒப்பந்தத்தில் சேர்த்து, முறைவைத்து நிறுத்தலாம்: இந்த வாரம் மேல்கரை, அடுத்த வாரம் கீழ்கரை. முறைத் தண்ணீர் நம் முன்னோருக்குப் புதிதல்ல. பங்கு பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு நிறுத்தவும் தெரியும். மானாவாரிக் கரும்பு மட்டும் வைத்திருப்பவர்களிடம் வாடகைக்கு எடுக்க ஒன்றும் இல்லை; வடகரையின் சிறு வயல்களில் பெரும்பாலும் அப்படித்தான். அவர்களை வீணாகக் கூட்டத்துக்கு அழைத்து ஆசை காட்ட வேண்டாம்.

தலையூற்றில் கதை வேறு. அங்கே மோட்டார் இல்லை, மரம் இருக்கிறது. மரத்தோட்டத்தை ‘ஓட்டம் குறைக்கும் செயல்’ என்று 36-ஆம் பிரிவே சொல்கிறது. ஓடைக்கரையிலும் உம்வோட்டிச் சதுப்பின் ஓரத்திலும் நிற்கும் மரம், மேட்டில் நிற்பதைவிட அதிகம் குடிக்கும், ஏனெனில் அதன் வேர் ஆண்டு முழுவதும் ஈரத்தில். அங்கே ஒப்பந்தம் நிறுத்துவதற்கல்ல, வெட்டிப் பின்வாங்குவதற்கு. வெட்டினால் மட்டும் போதாது: கறுப்பு வாட்டில் மரத்தின் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கும், வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் கூட்டமாக முளைக்கும். அடிக்கட்டைக்கு உடனே மருந்து பூசி, பின் ஒவ்வோர் ஆண்டும் முளைப்பு பிடுங்கி, நாட்டுப் புல் மூடும்வரை விடாமல் செய்தால்தான் சதுப்புக்குத் தண்ணீர் திரும்பும். ஆகவே இந்த ஒப்பந்தம் குறைந்தது ஐந்தாண்டு. பணத்தில் பெரும்பங்கு பின்தொடர் வேலைக்கு. முதலாண்டு வெட்டுக்கே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் முன்னைவிட அடர்ந்த வாட்டில் காட்டைப் பார்க்கும் வழக்கம் நம் மாகாணத்தில் போதும்.

விட்டுக்கொடுப்பவர்கள் எங்களிடம் முதலில் கேட்கும் கேள்வி பணத்தைப் பற்றியதல்ல: ‘எடுக்காமல் விட்டால் நாளை உரிமையைப் பறித்துவிடுவார்களா?’ 2013 கொள்கை மறுஆய்வில் ‘பயன்படுத்து, இல்லாவிட்டால் இழ’ என்ற வாசகம் எழுதப்பட்டதிலிருந்து இந்தப் பயம் போகவில்லை. தேவையில்லாத இடத்திலும் மோட்டாரை ஓட்டி மீட்டரைச் சுற்றவைப்பதற்கு இதுவே காரணம். திட்டத்தில் விட்ட தண்ணீர் பயன்படுத்திய தண்ணீராகவே கணக்கில் வரும் என்று, ஒப்பந்தத்திலும் உங்கள் பொதுப்பதிவேட்டிலும் எழுத்தில் கொடுங்கள். 25(3) கேட்கும் ஆண்டறிக்கைப் பட்டியலில் இந்த ஒப்பந்தங்களையும் அளவோடு சேர்த்து வெளியிடுங்கள்.

காலம் குறுகியது. மார்ச் முடிவதற்குள் உம்வோட்டியின் கீழ் அளவணையில் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களுக்குக் காப்பு நீர் நொடிக்கு எத்தனை லிட்டர் என்பதை, மாதவாரியாக, எல்லாருக்கும் புரியும்படி வெளியிட வேண்டும். அந்த எண் இல்லாமல் யாரோடும் பேச முடியாது. ஏப்ரலில் சரிபார்ப்பும் மீட்டர் முத்திரையும். மே முதல் நாள் குளங்களின் மட்டம். மே கடைசிக்குள் கையெழுத்து. அளவுப் பலகைகளை மே மாதமே, ஓட்டம் சற்று மிச்சமிருக்கும்போதே நட்டுவிடுங்கள். ஜூலையில் நட்டால் ஒப்பிட முந்தைய அளவு இருக்காது. பலகைக்கான இடம் தேர்வு செய்ய ஆட்களை அனுப்பும் நாளைச் சொன்னால், கரை உறுதியான ஓடைப்பகுதிகளைக் காட்ட நாங்கள் உடன் வருகிறோம்.

இப்படிக்கு,
வடகரையில் பாசன வடிவமைப்பு, நீரளவை, நீர் உரிமப் பணிகளில் உள்ள தமிழர்கள் சிலர்
க்வாடுகுசா, தோங்காட், டர்பன்